ஆன் பிராட்ஸ்ட்ரீட்: உறவினர் கையில் ஒரு கவிஞர்

அமெரிக்கக் கவிதைத் தொகுப்பு எதைத் திறந்தாலும் முதற்பக்கங்களில் ஆன் பிராட்ஸ்ட்ரீட் நிற்கிறார். கணவருக்கு எழுதிய காதற்கவிதை, வீடு எரிந்தபோது எழுதியது, இறந்துபோன பேரக்குழந்தைகளுக்கான இரங்கற்பாக்கள் என்று நான்கைந்து கவிதைகள். நல்ல மனைவி, நல்ல தாய், ஆகவே நல்ல கவிஞர் என்பதே வாசகர் மனத்தில் படியும் சித்திரம். இதற்கு நேரெதிராக, தம் சமூகத்தின் ஆணாதிக்கத்தை எதிர்த்த கலகக்காரியாக அவரை நிறுவ முயலும் கட்டுரைகளும் உண்டு. இரண்டு சித்திரங்களின் மீதும் நமக்கு ஐயம் இருக்கிறது. அவருடைய குடும்பத்தின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கும்போது அந்த ஐயம் வலுக்கவே செய்கிறது.

1612இல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஆன். தந்தை தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் குடும்பச் சொத்துக்களை நிர்வகித்தவர். அந்த மாளிகையின் நூலகம் மகளுக்கும் திறந்திருந்தது. 16 வயதில் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டுடன் திருமணம். 1630இல் ஜான் வின்திராப்பின் தலைமையில் அர்பெல்லா என்னும் கப்பலில் பெற்றோருடனும் கணவருடனும் மாசசூசெட்ஸ் வந்தார். கப்பலுக்குப் பெயர் தந்த அர்பெல்லா சீமாட்டி, லிங்கன் பிரபுவின் சகோதரி, வந்த சில மாதங்களிலேயே சேலத்தில் இறந்துபோனார். மாளிகையில் வாழ்ந்த குடும்பத்திற்கு முதற்குளிர்காலத்தில் எழுதுவதற்கு ஒரு மேசைகூட இல்லை. தாமஸ் டட்லி 1631இல் லிங்கன் சீமாட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தைக் கணப்பருகே முழங்காலின்மேல் தாளை வைத்து எழுதியதாக அதிலேயே சொல்கிறார். இறந்தவர்களின் கணக்கும் அக்கடிதத்தில் இருக்கிறது.

மகளின் மனநிலை என்னவாக இருந்தது? பின்னாளில் தம் பிள்ளைகளுக்கென்று எழுதிய குறிப்பில், புதிய உலகத்தையும் அதன் புதிய வழக்கங்களையும் கண்டு தம் உள்ளம் முரண்டியது என்றும், இறைவனின் வழி இதுவே என்று தெளிந்தபிறகு பணிந்து பாஸ்டன் திருச்சபையில் சேர்ந்ததாகவும் சொல்கிறார். கலகத்தைத் தேடுவோர் முதற்பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். பக்தியைத் தேடுவோர் பிற்பாதியை. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை என்பதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் குடியேற்றத்தில் ஒரு பெண் வாய்திறந்தால் என்ன ஆகும் என்பதை அவர் வெளியே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1637இல் ஆன் ஹட்சின்சன் வேதவிளக்கக் கூட்டங்கள் நடத்தியதற்காக விசாரிக்கப்பட்டபோது, கேள்வி கேட்ட ஆயத்தில் ஆனின் தந்தையும் இருந்தார், கணவரும் இருந்தார். ஹட்சின்சன் நாடுகடத்தப்பட்டார், 1638இல் சபையிலிருந்தும் விலக்கப்பட்டார், 1643இல் டச்சுக்காரர்களின் ஆளுகையிலிருந்த பகுதியில் பிள்ளைகள் பலருடன் கொல்லப்பட்டார். 1645இல் வின்திராப் தம் நாட்குறிப்பில் கனெக்டிகட் ஆளுநர் ஹாப்கின்ஸின் மனைவியைப் பற்றி எழுதுகிறார்: ஓயாத வாசிப்பிலும் எழுத்திலும் மூழ்கியதால் அந்த அம்மையாரின் சித்தம் கலங்கிவிட்டது, வீட்டு வேலைகளைக் கவனித்திருந்தால் இது நேர்ந்திராது என்பது அவர் முடிபு. இவற்றையெல்லாம்விட நெருக்கமான ஒன்றும் உண்டு. ஆனின் தங்கை சாரா கீன், 1646 வாக்கில் லண்டனில் ஆண்களும் பெண்களும் கூடிய சபைகளில் பிரசங்கம் செய்தார். கணவர் அவரைக் கைவிட்டார். 1647இல் பாஸ்டன் திருச்சபை அவரை விலக்கியது. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தந்தையிடம் கற்ற இரு சகோதரிகள். ஒருவர் பேசினார், ஒருவர் எழுதினார்.

இந்தப் பின்னணியோடு 1650ஆம் ஆண்டு நூலை எடுத்துப் பார்க்கவேண்டும். இன்னொரு தங்கை மெர்சியின் கணவர் ஜான் உட்பிரிட்ஜ், ஆனின் கையெழுத்துப் படியை அவருக்குத் தெரியாமல் லண்டனுக்குக் கொண்டுபோய், பத்தாவது கலைத்தேவதை என்று பொருள்படும் தலைப்பில் அச்சிட்டார். முகப்பில் ஆசிரியையின் பெயர் இல்லை. அப்பகுதிச் சீமாட்டி ஒருவர் என்று மட்டும் இருந்தது. முன்னுரையில் உட்பிரிட்ஜ் வலியுறுத்துவதெல்லாம் இந்தப் பெண் குடும்பப் பணிகளில் குறைவைத்தவரல்லர், தூக்கத்தைக் குறைத்துக்கொண்ட நேரத்தில் எழுதினார் என்பதைத்தான். ஒரு தங்கை சபையிலிருந்து விலக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்த குடும்பம் அது. அந்த முன்னுரை ஒரு நற்சான்றிதழ். குடும்பம் தந்த உரிமச்சீட்டு என்றும் சொல்லலாம். தாமஸ் டட்லியின் மகளாகவும் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டின் மனைவியாகவும் இல்லாத ஒருத்திக்கு அது கிடைத்திருக்காது. (ஹார்வர்ட் கல்லூரியின் சாசனத்தில் ஆளுநராக டட்லி கையொப்பமிட்டதும் அதே 1650இல்தான். ஆனின் மகன்கள் இருவர் அங்கே படித்தார்கள். மகள்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.)

அந்த நூலில் இருந்தவை எவை? நான்கு பூதங்கள், உடலின் நான்கு தாதுக்கள், வாழ்வின் நான்கு பருவங்கள், ஆண்டின் நான்கு பருவங்கள், பண்டைய நான்கு பேரரசுகள் பற்றிய நெடும்பாடல்கள். எலிசபெத் அரசியைப் போற்றி, அவரையே சான்றாக நிறுத்திப் பெண்களின் அறிவைப் பழித்தோருக்கு விடைசொல்லும் கவிதை. கணவரைப் பற்றிய புகழ்பெற்ற கவிதை அதில் இல்லை. அது 1678இல், அவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பிறகு, பாஸ்டன் பதிப்பில் வெளிவந்தது. வீடு எரிந்த கவிதையும் பிள்ளைகளுக்கான குறிப்பும் 1867இல்தான் முழுமையாக அச்சேறின. நாம் இன்று கொண்டாடும் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் பெரும்பகுதி, தம் பெட்டிக்குள் அவர் வைத்திருந்தது. தம் காலத்து உலகத்தின்முன் அவர் நின்ற கோலம் வேறு. அது வரலாறும் வானியலும் மருத்துவமும் கற்ற ஒருவரின் கோலம்.

அந்த நெடும்பாடல்கள் சலிப்பூட்டுபவை என்பதை மறுக்கப்போவதில்லை. பேரரசுகளின் பாடலில் பாரசீக மன்னர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து செத்துப்போகிறார்கள். நாமும் கொட்டாவி விட்டபடியே கடந்தோம். ஆனால் எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, கேம்பிரிட்ஜிலிருந்து இப்ஸ்விச், இப்ஸ்விச்சிலிருந்து ஆண்டோவர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்த ஒரு பெண், தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பாடத்திட்டம் அது. அதைத் தள்ளிவிட்டு அடுப்பங்கரைக் கவிதைகளை மட்டும் தொகுப்பவர்கள், தாம் அறியாமலே உட்பிரிட்ஜின் முன்னுரையை மறுபடி எழுதுகிறார்கள் என்பதே நம் கருத்து. ஜான் பெரிமன் அவரைப் பாத்திரமாக்கி 1950களில் நெடுங்கவிதை எழுதினார். ஆனால் அவரது கவிதைகளின்மீது பெரிமனுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. பெண்ணின் வாழ்க்கை வேண்டும், அவள் எழுதியது வேண்டாம் என்ற நிலைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

1666 ஜூலையில் ஆண்டோவர் வீடு எரிந்தது. தந்தையின் நூல்கள் ஏறத்தாழ 800 எரிந்தன என்று மகன் சைமன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் காட்டோரத்தில் 800 நூல்கள்! பேரரசுகள் பாடலைத் தொடர்ந்து எழுதிவைத்திருந்த தாள்களும் அதில் போயின. அந்தப் பாடலை அவர் முடிக்கவில்லை. அதன்பின் மூன்று பேரக்குழந்தைகளும் ஒரு மருமகளும் இறந்தனர். 1672இல் அவரும் இறந்தார்.

கணவர் 1697வரை வாழ்ந்தார், ஆளுநராகவும் ஆனார். 1692இல் சூனியக்காரர் வேட்டை ஆண்டோவருக்கு வந்தபோது நீதிபதியாயிருந்த மகன் டட்லி பிராட்ஸ்ட்ரீட், முப்பது நாற்பது பேரைச் சிறைக்கு அனுப்பியபின், இனிப் பிடியாணை தரமாட்டேன் என்று மறுத்தார். உடனே அவர்மீதே குற்றச்சாட்டு எழுந்தது, மனைவியுடன் தப்பியோடினார். தம்பி ஜான் ஒரு நாய்க்குச் சூனியம் வைத்தார் என்று சொல்லப்பட, அவரும் ஓடினார். நாயைக் கொன்றுவிட்டார்கள்.

அமெரிக்காவின் முதற்கவிஞர் என்று ஆனைச் சொல்வது வழக்கம். ஆங்கிலத்தில், அச்சில் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டால் சரி. ஆண்டோவரின் பழைய பெயர் கோசிசெவிக். அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவந்த மக்களுக்கு ஆனின் கவிதைகளில் ஏறத்தாழ இடமே இல்லை. இதைச் சொல்லி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. எனினும் 1646ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று அவருடைய நூலுடன் சேர்த்தே வாசிக்கத்தக்கது. குட்ஷமாச் என்னும் தலைவர் ஆறு பவுனும் ஒரு மேலங்கியும் பெற்றுக்கொண்டு அந்த நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்றதாக அதில் இருக்கிறது. ரோஜர் என்று அழைக்கப்பட்ட பழங்குடியினர் ஒருவரும் அவருடைய ஆட்களும் கோசிசெவிக் ஆற்றில் தொடர்ந்து மீன்பிடித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. குடியேறிகளின் சார்பில் வாங்கியவர் ஜான் உட்பிரிட்ஜ். அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார், மனைவியின் அக்காளுடைய கவிதைகளுடன்.