விசிலுக்குக் கூலி

ஆடி, ஆவணி மாதங்களில் சேலம், நாமக்கல் சமவெளியின் பள்ளி மைதானங்களில் குறுவட்டப் போட்டிகள் களைகட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ராசிபுரத்துக்கு அருகே அத்தகைய போட்டியொன்றைக் காண எங்களில் மூவர் சென்றிருந்தோம். மாணவியர் கபடி, அரையிறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரண்டு புள்ளி வித்தியாசம். ரெய்டு சென்ற சிறுமி போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள். ஒரு கால் கோட்டுக்கு அப்பால் தரையில் படும்போது மறுகால் காற்றில் இருக்க வேண்டும். எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் போனஸ். சுண்ணாம்புக் கோடோ முதற்பாதியிலேயே காலடிகளில் கலைந்து போயிருந்தது. நடுவர் புள்ளி தரவில்லை.

அடுத்த அரைமணி நேரம், தோற்ற அணியோடு வந்திருந்த பெரியவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஏசினார்கள். அவருடைய சாதியை விசாரித்த குரலும் அதில் ஒன்று. ஆடிய சிறுமிகள் ஓரமாய் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவர் அயலூர்ப் பள்ளியொன்றின் உடற்கல்வி ஆசிரியர். விதிப்படி ஒரு கபடி ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர், துணை நடுவர் இருவர், ஸ்கோரர் ஒருவர், உதவி ஸ்கோரர் இருவர் என அறுவர் வேண்டும். அன்று மூவரே இருந்தனர். போதாக்குறைக்கு அவர் பயிற்றுவித்த அணியும் அதே போட்டியின் மற்றோர் அரையிறுதியில் ஆட இருந்தது. அவர் நேர்மையாகவே ஊதினார் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அதை நம்பும்படி யாரிடம் சொல்வது? பிறகு தேநீர்க் கடையில், இந்த வேலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டோம். சிரித்தார்.

"மத்தியானச் சோத்துக்கு டோக்கன் குடுத்தாங்க சார். பஸ்ஸுக்கு நம்ம காசுதானுங்க."

பள்ளி விளையாட்டில் நடுவர் வேலையை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதி இலவசமாய்ப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அது தனித் தொழில்; தனிப் பயிற்சி வேண்டுவது; தனிக் கூலிக்குரியது. குறுவட்டத்தில் வென்றால்தான் மாவட்டம், அதில் வென்றால்தான் மாநிலம். அதற்கும் மேலே சென்று சான்றிதழ் பெறுகிற பிள்ளைக்குத்தான் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்படும் 500 இடங்களில் ஒன்று எட்டக்கூடும். விசைத்தறிக் கூலியின் மகளுக்கு அந்த ஏணியின் முதற்படி, கலைந்துபோன சுண்ணாம்புக் கோட்டருகே நிற்கும் மனிதரின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு நாம் தருவது ஒரு டோக்கன்.

1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டு கடந்தும் உடற்கல்வி ஆசிரியர் பள்ளியில் இரண்டாந்தரப் பிரஜையாகவே நடத்தப்படுகிறார். நாமக்கல் வட்டாரத்தில் இதைச் சொல்லவே வேண்டாம். 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தும்வரை அந்த ரேங்குகளுக்காகவே பெயர் பெற்ற ஊர் அது. விளையாட்டுப் பாடவேளை என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கித் திருப்பித் தராத பொருள். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. அவர்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். வாரம் மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். 2021இல்தான் அது 10,000 ஆயிற்று. இத்தகைய சம்பளத்தில் இருப்பவரையும் வெயிலில் நாள் முழுக்க ஓடச் சொல்லி, கூலி கேட்டால் சேவை என்கிறோம். (இந்தச் சொல்லைப் பெரும்பாலும் நிழலில் அமர்ந்திருப்பவர்களே பயன்படுத்துகிறார்கள்.)

பள்ளிக்கு வெளியே நிலைமை வேறு. இதே சமவெளியின் கிராமங்களில் திருவிழாவையொட்டி இரவில் மின்விளக்கொளியில் கபடி நடக்கிறது. அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஊரில் வசூல் செய்கிறார்கள். கழகத்திலிருந்து நடுவர்களை வரவழைத்து, விடியுமுன் கையில் உறையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கும் சச்சரவு உண்டு, ஆனால் நடுவர் அடுத்த ஆண்டும் வருகிறார். படிப்பறிவு குறைந்ததாக நாம் எண்ணும் விழாக் குழுவுக்குத் தெரிந்த கணக்கு, கல்விக்கென்றே இருக்கும் அமைப்புகளுக்குத் தெரியாமற்போனது விந்தையே.

கூலி மட்டும் போதுமா என்றால், போதாது. கூலி கொடுக்கும் அமெரிக்காவிலேயே 2018-க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 பேர் உயர்நிலைப் பள்ளி நடுவர் பணியை விட்டுப் போனதாக அங்குள்ள பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு கணக்கிட்டது. முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது, பெற்றோரும் பயிற்சியாளரும் பேசுகிற பேச்சு. இங்கிலாந்தில் 2023இல் உள்ளூர்க் கால்பந்து நடுவர்களின் மார்பில் கேமராவைப் பொருத்திப் பார்க்கும் நிலை வந்தது. நமக்குக் கேமரா வேண்டியதில்லை. நடுவரை ஏசும் பெரியவரை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பும் துணிவு, போட்டியை நடத்தும் தலைமையாசிரியருக்கு இருந்தால் போதும்.

ஆள் எங்கே என்பார்கள். கபடியும் கைப்பந்தும் ஆடி, வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞரும் இளம்பெண்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். நடுவர் தேர்வு எழுதவைத்து, தங்கள் பள்ளி ஆடாத குறுவட்டத்துக்கு அனுப்பி, அன்றைய கூலியையும் பேருந்துச் செலவையும் அன்றே கொடுக்கலாம். மாணவியர் ஆட்டத்துக்குப் பெண் நடுவர்கள் கிடைப்பார்கள். பணம் எங்கே என்ற கேள்விக்குப் பரிசளிப்பு மேடையின் பந்தலையும் ஃபிளெக்ஸ் தட்டிகளையும் சால்வைகளையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

மறு ஆண்டு அதே குறுவட்டத்துக்கு மீண்டும் சென்றோம். அந்த ஆசிரியர் பந்தலின் கீழ் மேசையில் அமர்ந்து சான்றிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். களத்தில் இல்லையா என்றோம்.

"நானே கேட்டு வாங்கிக்கிட்டனுங்க" என்றார். "கையெழுத்துக்கு எவனும் சட்டையப் புடிக்க மாட்டான் பாருங்க."

களத்தில் விசிலோடு நின்றவர் தமிழாசிரியர். விதிப்புத்தகத்தைச் சட்டைப் பையில் செருகியிருந்தார்.