ஒரு சொல் காத்த தீவு



பூச்சாண்டி வருவான் என்று சொல்லிக் குழந்தைகளை உறங்க வைக்கிறோம். வராத ஒன்றுக்கு அவர்களை அஞ்ச வைக்கும் நாம், வரக்கூடிய ஆபத்தைப் பற்றி என்றேனும் சொல்லி வைத்திருக்கிறோமா?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்தது சிமெலுவே தீவு. 1907ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை அத்தீவைத் தாக்கிப் பலரைக் கொண்டுபோயிற்று. தப்பியவர்கள் அத்துயரத்தை ‘ஸ்மோங்’ என்னும் ஒரே சொல்லில் பொதிந்து, கதையாகவும் பாடலாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதே அதன் சாரம்.

97 ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது. “ஸ்மோங்!” என்ற குரல் எழுந்தது. மக்கள் குன்றுகளில் ஏறினர். சில நிமிடங்களிலேயே தீவின் வடபகுதியைப் பேரலை அடைந்துவிட்டது. ஆயினும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் 7 பேர் மட்டுமே.

அன்று நம் நாகப்பட்டினக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. எனினும் அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் அதிகமானோர் மாண்டனர். நேரம் இருந்தது, சொல்லி வைத்தவர் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நிலநடுக்கம் தொலைவில் நிகழும்போது, நம் கரையில் அதிர்வு தெரியாமலே போகலாம். ஆகவே கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலும், பொங்கினாலும் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். நீர் வற்றிய மணலில் கிளிஞ்சல் பொறுக்கப் போகலாகாது. முதல் அலை வடிந்ததும் இறங்கி வரலாகாது. அடுத்தது அதனினும் பெரிதாக வரக்கூடும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. எந்த மேட்டுக்கு, எந்த மாடிக்குச் செல்ல வேண்டும் என்று கைப்பிடித்து நடத்திக் காட்டுங்கள். பொம்மையை எடுக்கத் திரும்பக் கூடாது என்று சொல்லுங்கள். உம்மா வரட்டும் என்று காத்திராமல், அருகிலுள்ள பெரியவரோடு ஓடச் சொல்லுங்கள்; உம்மாவும் அங்கேயே வந்து சேர்வாள் என்ற உறுதியையும் கொடுங்கள். அத்தாவின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இதனால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்களோ என்று தயங்காதீர்கள். செய்ய வேண்டியது இன்னதென்று அறியாத பிள்ளையே மிரளும். அறிந்த பிள்ளை ஓடித் தப்பும். சிமெலுவேயின் தாய்மார்கள் ஒருமுறை சொல்லி நிறுத்திவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். நாமும் இன்றிரவே தொடங்குவோமாக!