சுண்டுவிரல் வலி நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா?

உழவர் உடல்நலம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: "என் வீட்டுக்காரருக்கு 54 வயது. எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல், மேட்டு நிலத்தில் மணிலா வைத்திருக்கிறோம். போன கோடையில் அவருக்கு இடது கால் சுண்டுவிரலில் எரிச்சலும் குத்தலுமாக வலி இருந்தது. ராத்திரியில் தூக்கமே வராது. இப்போது இரண்டு மாதமாக வலி இல்லை. விரலின் வெளிப்பக்கம் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. பௌர்ணமிதோறும் வெறுங்காலில் கிரிவலம் போவது அவர் வழக்கம். 'வலிதான் போய்விட்டதே, நடந்தால் என்ன' என்கிறார். போகலாமா?"

- வாசகி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.

பதில்: இந்தப் பௌர்ணமிக்கு வெறுங்காலில் போக வேண்டாம். முதலில் அந்த விரலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு எரிச்சலும் குத்தலும் இருந்து, மருந்து ஏதும் இல்லாமல் தானாக நின்றுபோனால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாத நரம்புகள் கெடத் தொடங்கும். அப்போது எரிச்சல், குத்தல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். நரம்பு மேலும் கெட்டால் வலியும் சேர்ந்து போய்விடும், கால் மரத்துவிடும். முள் ஏறினாலும், தார்ச் சாலை சுட்டாலும், செருப்பு வார் உரசினாலும் தெரியாது.

தோல் தடித்துக் கறுத்திருப்பது அதைவிட முக்கியமான அடையாளம். காய்ப்புக்குள் ரத்தம் கசிந்தால் இப்படிக் கறுக்கும். மேலே தோல் மூடியிருந்தாலும் அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஏறக்குறைய 20,000 எட்டுகள். அந்த ஒரு காலில் மட்டும் 10,000 முறை அழுத்தம் விழும். உணர்வுள்ள கால் வலித்தால் நாமே நடையை மாற்றுவோம், உட்காருவோம். மரத்த கால் அதைச் செய்யாது.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் பக்கத்தில்தான் வேலை செய்தார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாததால் சூடும் வெட்டும் தேய்மானமும் கவனிக்கப்படாமல் புண்ணாகின்றன, அதனால்தான் விரல்கள் போகின்றன என்பதை அவரும் உடன் இருந்தவர்களும் காட்டினார்கள். தூங்கும்போது மரத்த விரலை எலி கடித்ததுகூடத் தெரியாமல் போனவர்கள் உண்டு. வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த அந்த வேலையின் வழியாகத்தான் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு பரவலானது. சர்க்கரைக்காரர்களுக்கும் இன்று அதையே பரிந்துரைக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கால் மரத்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய தொடு சோதனை போதும்.

அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை இரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஆறு இடம் மட்டும் தொட வேண்டும். தொட்டது தெரிந்ததும் "வலது" அல்லது "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அது ஆபத்தான கால். சோதனையில் தேறிவிட்டாலும் உங்கள் வீட்டுக்காரர் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கறுத்த தோல் இருக்கிறதே.

சுண்டுவிரல் மரத்துப்போக வேறு காரணங்களும் உண்டு. இடுப்பிலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாக ஒரே காலில் வலி இறங்கிச் சுண்டுவிரல் பக்கம் மரத்தால், முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம். நாற்று நடவிலும் மூட்டை தூக்குவதிலும் இடுப்பு கெட்டவர்களுக்கு இது வரும். அதோடு சிறுநீர் கழிப்பதில் தடங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய, சிவந்த தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதத்தில் முழுதாகக் குணமாகும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விடுகிறது, விரல் சில்லிட்டு நீலம் பாய்கிறது என்றால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இளம் வயதிலேயே இது வந்து விரலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். பீடியை முழுக்க விட்டால்தான் மருந்து வேலை செய்யும்.

செய்யக் கூடாதவை

காய்ப்பை பிளேடால் சீவ வேண்டாம். கடையில் விற்கும் காலாணி பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரைக்காரர் அதை ஒட்டவே கூடாது. வெந்நீர் ஒத்தடம், சுட்ட எண்ணெய், செங்கல் சூடு எதுவும் வேண்டாம். கால் கழுவும் தண்ணீரின் சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அவர் காலால் பார்க்கக் கூடாது.

தினமும் ராத்திரி இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரிய தரையில் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். செருப்பு போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கைவிட்டுத் தட்டுங்கள். பின்வார் உள்ள, சுண்டுவிரலை நெருக்காத, மெத்தென்ற செருப்பு வாங்குங்கள். சாயங்காலத்தில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் அளவு பார்ப்பது நல்லது. வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

காலைக் காட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். காய்ப்பைச் சீவிப் பார்க்கவும் ரத்த ஓட்டம் சோதிக்கவும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதற்காகக் காலைக் காட்டாமல் இருந்துவிடக் கூடாது.

கிரிவலத்துக்கு வருவோம். பாதணி இல்லாமல் நடப்பது மரபு. அதை அவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வராதுதான். ஆனால் இன்னொரு மரபும் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல, அடிமேல் அடி வைத்து நிதானமாக வலம்வர வேண்டும் என்பார்கள். உடம்பை வருத்திக்கொண்டு ஓடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. 1896-இல் வந்து 1950 வரை மலையை விட்டு நீங்காத ரமணர்கூட, பல வருஷம் கிரிவலம் வந்தவர், 1926-க்குப் பிறகு போகவில்லை. அவருக்கு மலை தூரமாகிவிடவில்லை.

மருத்துவர் புண் இல்லை என்று சொன்ன பிறகு, பருத்திக் காலுறையும் நல்ல பாதணியும் அணிந்து, கூட்டம் இல்லாத நாளில், விடியற்காலையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். முழுச் சுற்றுக்கு ஆட்டோ இருக்கிறது. பௌர்ணமியன்று வாசலில் நின்று மலையைக் கும்பிட்டாலும் போதும். அவரிடம் சண்டை போடாமல், கண்ணை மூடச் சொல்லி அந்தத் தொடு சோதனையை ஒருமுறை செய்து காட்டுங்கள். தொட்டது தெரியவில்லை என்று அவரே உணர்ந்தால் பேச்சு சுலபமாகும்.

கேள்வி: "மோட்டார் கொட்டகைப் படியில் சுண்டுவிரல் இடித்து நான்கு நாள் ஆகிறது. வீங்கிக் கன்றிப்போயிருக்கிறது. எலும்பு முறிந்திருக்குமா? கட்டுப் போட வேண்டுமா?"

- வாசகர், செங்கம் வட்டம்.

பதில்: முறிந்திருக்கலாம். சுண்டுவிரல் முறிவு பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே கூடிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை ஒரு நேரத்துக்கு 15 நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். தேய்ப்பதும் நீவுவதும் முறிவை விலக்கிவிடும், கூடாது.

விரல் நேராக இருந்தால், பக்கத்து விரலையே தப்பையாகப் பயன்படுத்தலாம். இரண்டு விரலுக்கும் நடுவில் சிறிய பஞ்சு அல்லது காஸ் துணி வையுங்கள். பிளாஸ்திரியால் இரண்டையும் சேர்த்து, இறுக்காமல் ஒட்டுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். தினமும் பிரித்து, இடுக்கை உலர்த்தி, புதிதாக ஒட்ட வேண்டும். அடிப்பாகம் கெட்டியான செருப்பு போட்டால் விரல் மடங்காது. எலும்பு கூட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சர்க்கரையோ, கால் ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் வீட்டில் இப்படிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

விரல் கோணியிருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ, மரத்திருந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காயம் இருந்தால் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வரப்பில் கால் பிசகி உள்பக்கம் மடங்கிய பிறகு, பாதத்தின் வெளி ஓரத்தில், விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் வலித்தால் அது விரல் வலி இல்லை. சுண்டுவிரலோடு சேர்ந்த நீண்ட பாத எலும்பு முறிந்திருக்கலாம். ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தன் காலிலேயே ஏற்பட்ட இந்த முறிவை 1902-இல் எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் நடந்தால் கூடாமல் போய்விடும்.

கேள்வி: "நடவு நாளில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஊறிப் பிளக்கிறது. அரிப்பும் வலியும் தாங்க முடியவில்லை. வருஷா வருஷம் வருகிறது. என்ன போடலாம்?"

- வாசகி, கலசபாக்கம்.

பதில்: இது சேற்றுப்புண். பெரும்பாலும் பூஞ்சைக் காளானால் வருவது. கால் விரல் இடுக்குகளில் அதுதான் மிகக் குறுகலானது, காற்றுப் புகாது. அதனால் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

வயலை விட்டு ஏறியதும் சோப்பு போட்டுக் கழுவி, இடுக்குகளைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் போனால் பாதிக் குணம். பிறகு குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை காலையும் ராத்திரியும் மெல்லியதாகத் தடவுங்கள். அரிப்பு நான்கைந்து நாளில் நின்றுவிடும். அதோடு நிறுத்துவதால்தான் வருஷா வருஷம் திரும்பி வருகிறது. தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். மருந்துக்கடையில் 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்காதீர்கள். அது அரிப்பை அடக்கும், காளானை வளர்க்கும்.

நல்ல தோலில் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவிக்கொண்டு சேற்றில் இறங்குவது நல்ல வழக்கம். பிளந்த புண்ணில் பேட்டரித் தண்ணீர், கிரீஸ், மண்ணெண்ணெய் ஊற்றுவது தோலை எரித்துவிடும்.

பிளந்த இடுக்கு கிருமி நுழையும் வாசல். பாதம் சிவந்து, வீங்கி, குளிர்க்காய்ச்சல் வந்தால் களிம்போடு நிற்காது. ஊசி, மாத்திரை தேவைப்படும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் பல நேரம் இந்த இடுக்குதான் காரணம். அவர்கள் தினமும் கழுவி உலர்த்தினாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும்.

அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: விரல் கறுத்தல், நாற்றம், சீழ், மேல் நோக்கிப் பரவும் சிவப்பு, காய்ச்சல், திடீரெனச் சில்லிட்ட கால். சர்க்கரை உள்ளவருக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். ஆலோசனைக்கு 104, வண்டிக்கு 108.