எடை ஒண்ணுதானே, போட்டுப் பாரு மாப்ள!

வீரசக்கதேவி கோயில் விழாவுக்கு லீவு போட்டு பாஞ்சாலங்குறிச்சி வந்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு கலிபோர்னியாவுல இருந்து அத்தான் போன். அக்கா, பிள்ளைங்க நலமெல்லாம் ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிட்டு. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாரு.

"மாப்ள, எக்செல்ல ஒரு கணக்குப் போட்டுத் தரணும். 130 கிரெய்ன் குண்டுக்கு மருந்து அளவு இருக்கு, 168-க்கும் இருக்கு. என்கிட்ட இருக்கது 150. நடுவுல கோடு போட்டுக் குடுல."

அத்தானுக்கு காட்டுப்பன்னி வேட்டை பொழுதுபோக்கு. பாயிண்ட் 308 வின்செஸ்டர் ரைபிளுக்குத் தோட்டாவை வீட்டுலேயே கட்டுவாரு. அங்க சட்டப்படி சரி. (இங்க யாரும் ஆசைப்படாதீங்க சாமி, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டம் உள்ள தூக்கி வச்சிடும்.) இத்தனை வருஷம் ஈயக் குண்டு. கலிபோர்னியாவுல 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடவே கூடாதுன்னு ஆயிட்டு. குண்டடிபட்ட மிருகத்தைத் தின்னு காண்டோர் கழுகு ஈய விஷத்துல செத்ததுதான் காரணம். அதனால அத்தான் முழுச் செம்புக் குண்டு ஒரு டப்பா வாங்கியிருக்காரு. ஏதோ சின்னக் கம்பெனி. டப்பாவுல எடை இருக்கு, விட்டம் இருக்கு. எவ்வளவு மருந்து போடணும்னு மட்டும் எங்கயும் இல்ல. புத்தகத்துல இல்ல, கம்பெனி தளத்துலயும் இல்ல.

ரேஞ்சுல இருக்க பெருசுங்க சொன்னாங்களாம்: "எடை ஒண்ணுதானே, ஈயக் குண்டுக்குப் போட்ட அளவையே போடு."

எனக்கு வந்ததே கோபம்.

எடை ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமாய்யா? ஈயத்தோட அடர்த்தி 11.34, செம்புக்கு 8.96. அப்ப அதே 150 கிரெய்ன்ல செம்புக் குண்டு நீளமாத்தான் இருக்கும். தோட்டாவோட மொத்த நீளத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, மேகசீன்ல அடங்கணுமே. அதனால கூடுதல் நீளம் கூட்டுக்குள்ள இறங்கும், மருந்துக்கு இருக்க இடத்தைப் பிடுங்கிக்கும். இடம் குறைஞ்சா அழுத்தம் கூடும். போதாததுக்கு செம்பு ஈயத்தை விடக் கடினம். குழல் வரிகள்ல ஈயம் மாதிரி நெகிழ்ந்து போகாது, முரண்டு பிடிக்கும். இதைக் குறைக்கத்தான் பல செம்புக் குண்டுகள்ல உடம்பைச் சுத்தி பள்ளம் வெட்டியிருப்பாங்க. பள்ளம் உள்ள குண்டும் இல்லாத குண்டும் கூட ஒண்ணு கிடையாது. இதுல எடையை மட்டும் வச்சு என்ன கணக்கு போடச் சொல்றாரு இவரு?

308-க்கு அமெரிக்கத் தர அமைப்பு வச்சிருக்க உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயர்ல நாம அடிக்கிறது முப்பத்திச் சொச்சம். இந்த 62,000 வெடிக்கிறது அத்தான் கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி. மருந்து ஏறுற விகிதத்தை விட அழுத்தம் வேகமா ஏறும், அதனால ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடு போடுற வேலை இங்க செல்லாது. எக்செல் ரெண்டு தசமத்தோட ஒரு நம்பரைத் துப்பும். தசமம் இருந்தா உண்மைன்னு நம்புற ஜாதி நாம. அதான் எனக்குப் பயமே.

"முடியாது அத்தான்"னேன்.

"கட்டபொம்மன் ஊர்ல பிறந்துட்டு பயப்படுதியேல"ன்னு சிரிச்சாரு. 1959-ல வந்த சிவாஜி படம் எங்க ஊருக்குச் செஞ்ச வேலை இது, எதுக்கெடுத்தாலும் வசனம்! 1799-லயும் 1801-லயும் இங்க வெடிச்சது கரிமருந்து. நாட்டுத் துப்பாக்கியில அதைக் கைக்கணக்குல போட்டு இடிச்சுக் கெட்டிச்சாங்க. கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பெரும்பாலும் பொறுத்துக்கும். இப்ப இருக்கது புகையில்லா மருந்து. ஒரு கிரெய்ன்னா 65 மில்லிகிராம் கூட இல்ல, அதுல பாதி கூடுனாலே யோசிக்கணும். ஊமைத்துரையே வந்தாலும் தராசை எடுத்து வச்சுத்தான் அளந்திருப்பாரு.

"முப்பது வருஷமா இப்படித்தான் கட்டுறேன், ஒண்ணும் ஆகல"ங்கிறது அந்தப் பெருசுங்களோட அடுத்த வாதம். எங்க ஆபீஸ்லயும் "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றவன் உண்டு. அவங்க ரைபிள் வேற, குழல் வேற, முக்கியமா குண்டு வேற. பிரைமர் தட்டையாச்சா, போல்ட் இறுகுதான்னு பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு சொல்றாங்க. அந்த அறிகுறி தெரியிறப்ப பல நேரம் எல்லையைத் தாண்டிப் போயாச்சு.

குண்டு செஞ்சவன்கிட்டக் கேளு. அவன் சொல்லலேன்னா மருந்து செய்றவன்கிட்டக் கேளு. ஹாட்ஜ்டன் மாதிரி கம்பெனி சும்மாவே இணையத்துல போட்டிருக்கான். அதுவும் இல்லேன்னா அதே எடை, அதே உலோகம், அதே மாதிரி நீளம் உள்ள குண்டுக்கு அச்சுல வந்த அளவுகளைத் தேடு. நாலு இடத்துல நாலு மாதிரி இருந்தா, இருக்கதுலயே குறைஞ்ச ஆரம்ப அளவுல தொடங்கு. வேகமானியை வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏறு, புத்தகத்து உச்ச வேகம் வந்துட்டா நின்னுடு. ரொம்பக் குறைச்சலும் ஆபத்துதான், அதனால ஆரம்ப அளவுக்குக் கீழ சொந்த புத்தியில இறங்காதே. குவிக்லோட் மாதிரி மென்பொருள் உண்டு, ஆனா அது மதிப்பீடு, அளவீடு இல்ல. மென்பொருள் எழுதுறவன் சொல்றேன், நம்புங்க.

என் பெரிய கோபம் பெருசுங்க மேல கூட இல்ல. குண்டை வித்துக் காசு வாங்கிட்டு, அளவு சொல்லாம விட்டானே அந்தக் கம்பெனி, அவன் மேலதான். சோதனைக்குழல்ல போட்டு அளக்க செலவாகுமாம். செலவு பண்ண வக்கில்லேன்னா எதுக்குய்யா விக்கிற? நீ விட்டுட்டுப் போன அந்த வெத்திடத்துலதான் ரேஞ்சுப் பெருசும் எக்செல் மச்சானும் நுழையிறாங்க.

அத்தான் ரெண்டு நாள் பேசல. அப்புறம் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்காரு, பதில் இல்ல. டப்பா அலமாரியில கிடக்கு. பன்னி வேட்டைக்கு கடையில ரெடிமேட் செம்புத் தோட்டா வாங்கிட்டுப் போனாராம். விலை எவ்வளவுன்னு அக்காதான் சொன்னா, சொன்ன தொனியைப் பார்த்தா அடுத்த திட்டு எனக்குத்தான்.