பொருட்காட்சி நடத்தவும் பயிற்சி வேண்டும்

புனே ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் இருப்பவர்கள், ஊரில் பொருட்காட்சி வரப்போகிறது என்பதைச் சுவரொட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெற்கேயிருந்து வரும் வண்டிகளில் கைத்தறி மூட்டைகளும் பாத்திரப் பெட்டிகளும் இறங்க ஆரம்பித்துவிடும். அவற்றைத் தேடிக்கொண்டு நம் ஊர் முகங்களும் வந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்து நின்றவர்களில் சேலம் பக்கத்து நெசவாளர் ஒருவர். நான்கு நாள் பொருட்காட்சி ஒன்றில் ஸ்டால் எடுத்து, வாடகை முழுவதையும் முன்கூட்டியே கட்டியிருந்தார். "சரக்கை எங்கள் பெயருக்கே அனுப்புங்கள்" என்று அமைப்பாளர்கள் சுற்றறிக்கை விட்டிருந்தார்கள். அவரும் அப்படியே அனுப்பிவிட்டார். ரயில்வே ரசீதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடமோ, அவர் கையெழுத்திட்டு அதிகாரம் கொடுத்தவரிடமோதான் சரக்கை ஒப்படைக்க முடியும். கையெழுத்துப் போட வேண்டிய ஆசாமியோ பந்தல், மேடை, மந்திரி வருகை என்று அலைந்துகொண்டிருந்தார். "தம்பி, எஞ் சரக்கு கண்ணுக்கு எதிரே கெடக்கு, எடுக்க முடியலையே" என்று அந்தப் பெரியவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை கையெழுத்து வந்தது. இரண்டரை நாள் வியாபாரம் போனது போக, சரக்கு கிடந்ததற்கான கட்டணம் வேறு.

அமைப்பாளர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல. அவருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தெரியாமல் செய்ததற்குத் தண்டம் கட்டியவர் நெசவாளர்.

பொருட்காட்சி நடத்துவது என்றால் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, ஸ்டால் பிரித்து, ரிப்பன் வெட்ட ஒரு பிரமுகரை அழைப்பது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பத்துத் தொழில் சேர்ந்த ஒரு தொழில். சரக்குப் போக்குவரத்து தெரிய வேண்டும். எத்தனை ஸ்டாலுக்கு எவ்வளவு மின்சாரம், எந்தக் கம்பி அதைத் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். இன்ஷூரன்ஸ், ஒப்பந்தம், கழிப்பறை, குடிநீர், வண்டி நிறுத்துமிடம், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து நேர்ந்தால் கூட்டத்தை எந்த வழியே வெளியேற்றுவது என்பது தெரிய வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் போனதன் விலையை நம் நாடு பல முறை கொடுத்திருக்கிறது. சென்னையில் 1886 டிசம்பர் 31ஆம் தேதி பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த புத்தாண்டுச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் மாதம் யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்து மீரட் நகரில் 2006 ஏப்ரல் 10ஆம் தேதி, விக்டோரியா பார்க்கில் நடந்த நுகர்பொருள் பொருட்காட்சியின் கடைசி நாளன்று பந்தல்கள் பற்றிக்கொண்டன. 65 உயிர்கள் போயின. டி.வி.யும் பிரிஜ்ஜும் பார்க்கக் குழந்தை குட்டிகளோடு போனவர்கள் அவர்கள்.

மீரட் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. பந்தல் போட்டது, மின் இணைப்புக் கொடுத்தது எல்லாம் காண்டிராக்டர்தான், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நஷ்டஈட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்களுடையது, 40 சதவீதம் மாநில அரசுடையது என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் தீர்ப்பில் அமைப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. "காண்டிராக்டர் பார்த்துக்கொள்வார்" என்று இனிமேல் சொல்ல முடியாது. அப்படியானால் காண்டிராக்டர் செய்வது சரியா என்று பார்க்கும் அறிவு அமைப்பாளருக்கு வேண்டாமா? பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 8758 என்ற விதித் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. மின்கம்பிகளுக்கு அடியில் பந்தல் போடாதே, செயற்கை இழைத் துணியையும் கயிற்றையும் பயன்படுத்தாதே, போதிய வெளியேறும் வழி வை என்றெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. விதி இருக்கிறது, அதைப் படித்தவர்தான் பந்தலடியில் இல்லை.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் பொருட்காட்சி நிர்வாகிகளின் சங்கம் 1975லேயே பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிவிட்டது. பெரிய வர்த்தகப் பொருட்காட்சிகளுக்குப் பேர்போன ஜெர்மனியில், நிகழ்ச்சி அமைப்பு 2001லிருந்து முறையாகத் தொழில் பழகும் படிப்பாக இருக்கிறது. மூன்றாண்டு காலம் கம்பெனியில் வேலையும் பள்ளியில் பாடமுமாகக் கற்கிறார்கள். அங்கே தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் உள்ள அந்தஸ்து இந்தத் தொழிலுக்கும் உண்டு.

நாமோ கட்டடங்களில் குறை வைக்கவில்லை. டில்லியில் 2023இல் சுமார் 2,700 கோடி ரூபாய் செலவில் பாரத் மண்டபம் எழுந்தது. சென்னைக்கு நந்தம்பாக்கம், கோவைக்குக் கொடிசியா, நம் புனேவுக்கு மோஷி என்று வளாகங்கள் இருக்கின்றன. அவற்றை ஆளுகிற ஆட்களை உருவாக்குவதில் அந்த வேகத்தைக் காணோம். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு 'ஈவென்ட் மேனேஜ்மென்ட்' சொல்லித்தரும் இடங்களுக்கும் பஞ்சமில்லை. அவை பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த பட்டதாரிப் பிள்ளைகளுக்காக நடப்பவை. பந்தல் மேஸ்திரியும் மின்சார வேலைக்காரரும் அவற்றின் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயிற்சி முடித்துத் தேறாமல் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார்ந்துவிட முடியாது. எங்கள் மத்திய ரயில்வேக்குப் புசாவலில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களையும் குறித்த காலத்துக்கு ஒரு முறை மறுபடி பாடம் படிக்க அனுப்புகிறார்கள். காரணம், ஆயிரம் பேர் உயிர் ஒருவர் கையில் இருக்கிறது. பொருட்காட்சிப் பந்தலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நுழைகிற கூட்டம் எத்தனை ரயில் வண்டிகளை நிரப்பும்!

"அனுபவமே போதும், சான்றிதழ் என்று வைத்தால் அதிகாரிகள் கை நீட்ட இன்னொரு ஜன்னல் திறக்கும்" என்பார்கள். இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விபத்து என்பது அனுபவமாகக் கிடைத்தால் அதைக் கற்றுக்கொள்ள ஆள் மிஞ்ச வேண்டுமே! லைசென்ஸ் என்று வைக்க வேண்டாம். முதலில் பயிற்சி என்று வைப்போம். அரசு மைதானங்களையும் மண்டபங்களையும் வாடகைக்குக் கேட்பவர்கள், பயிற்சி பெற்ற ஒருவரையாவது பொறுப்பாளராகக் காட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். மற்றவை தானாக நடக்கும்.

இதைத் தொடங்கப் புனேயைவிடப் பொருத்தமான ஊர் ஏது? 1890இல் ரானடே தொழில் மாநாடு கூட்டிய ஊர் இது. இன்று சிஞ்சன் நகரிலும் மோஷியிலும் சிஞ்ச்வடிலும் விவசாயம், எந்திரம், சுயஉதவிக் குழுச் சரக்கு என்று மாறி மாறிப் பொருட்காட்சிகள் நடக்கின்றன. இங்குள்ள ஐ.டி.ஐ. ஒன்றில், மாலை வேளையில், ஆறு மாதப் படிப்பாக ஆரம்பிக்கலாம். மெட்ரிக் படித்தவரும் சேரும்படி, மராத்தியிலும் ஹிந்தியிலும் பாடம் நடக்க வேண்டும். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் மைதானம் என்றிருந்தால் இன்னும் நல்லது. தீயணைப்புத் துறையும் மின்வாரியமும் ரயில்வே சரக்குப் பிரிவும் தலைக்கு ஒரு ஆள் அனுப்பினால் ஆசிரியருக்குப் பஞ்சம் வராது.

நம்மவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பந்தலில் ஸ்டால் போடுகிறவர்களிலும் ஒயர் இழுக்கிறவர்களிலும் தமிழர் பலர். பொங்கல் விழாவுக்கும் கைத்தறி விற்பனைக்கும் பந்தல் போடும் நமது சங்கங்கள், இளைஞர் இருவரை இத்தகைய படிப்புக்கு அனுப்பிவைக்கலாம். அதுவரையில், அடுத்த விழாவுக்குப் பந்தல் போடுமுன் ஐ.எஸ். 8758ஐ ஒருவரைப் படிக்கச் சொல்லி, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

அந்தச் சேலத்துப் பெரியவர் மீதிச் சரக்கை மறுபடி பார்சல் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்குப் பின் அவரைப் புனேயில் நான் பார்க்கவில்லை. அவருக்கு நேர்ந்தது நஷ்டம் மட்டுமே. மீரட்டில் போனவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதைக் கல்லி எறிய ஒரு பள்ளிக்கூடம் போதும்.