நாய் ஓயாமல் சொறிகிறதா? குளியல் மருந்தாவதும் வினையாவதும் எப்படி?

நாய் ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்குகிறது, காதைப் பிராண்டுகிறது, சுவரில் முதுகைத் தேய்க்கிறது. காலையில் வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: “அழுக்கு சேர்ந்திருக்கு, நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு.” இரண்டு நாளில் அரிப்பு கூடும். திரும்பவும் குளியல், இந்த முறை டெட்டால் கலந்து. அடுத்த மாதம் முடி கொட்டி, தோல் கறுத்து, வாடை அடிக்கும்போது, அதே நாய் வாசலுக்கு வெளியே கட்டப்படுகிறது.

கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஆனால் அரிப்பு என்பது அழுக்கு அல்ல. பெரும்பாலும் அது நோயின் அறிகுறி. சரியான குளியல் அந்த நோய்க்கு மருந்தின் ஒரு பகுதி. தவறான குளியல் நோயை வளர்க்கும்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

சொறியும் இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பிலும் கடித்துக்கொண்டால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சிலுக்கே ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். பாதம், முகம், காது, வயிறு, அக்குள் என்று அரித்தால் தூசிப்பேன், மகரந்தம், பூஞ்சை போன்றவற்றால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். இது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தலைகாட்டும். காது ஓரமும் முழங்கையும் கடுமையாக அரித்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிப்பு வந்தால் அது சொறிப்பூச்சி. அது மனிதருக்கும் ஒட்டும். உணவு ஒவ்வாமையும் உண்டு.

இவற்றில் எதுவுமே சோப்பால் மட்டும் தீராது.

மனிதர்களின் சோப் ஏன் கூடாது?

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருப்பது, மேல்அடுக்கும் மெல்லியது. நம் ஷாம்பூ நமக்காகச் செய்யப்பட்டது. குளியல் சோப்பும் துணி சோப்பும் காரத்தன்மை உள்ளவை. ஒவ்வாமை உள்ள தோலின் காப்பு அரண் ஏற்கெனவே ஓட்டை விழுந்தது. இருக்கும் எண்ணெய்ப் பசையையும் சோப் கழுவிவிட்டால் தூசியும் கிருமியும் உள்ளே போக வழி கிடைக்கிறது.

இதைவிட ஆபத்தானவை கைவைத்தியங்கள். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் எல்லாமே தோல் வழியாகவும், நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போய் விஷமாகும். ‘இயற்கைதானே’ என்று டீ ட்ரீ ஆயில் தடவுவதும் அப்படியே.

உப்புத் தண்ணி, உப்புக் காற்று

கடலோரப் பகுதிகளில் பல போர்வெல்களின் தண்ணீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருக்கும். கடின நீரில் சோப் நுரைக்காது. கரையாத பிசுக்காக முடியடியில் தங்கிவிடும். அதனால் குளியல் எந்தத் தண்ணீரில் நடந்தாலும் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். சின்ன நாய்க்கு இரண்டு வாளி போதும்.

‘கடல்ல ஒரு முக்கு முக்கினா புண் ஆறிடும்’ என்பார்கள். சொறிந்து புண்ணான தோலில் உப்பு நீர் எரியும், காய்ந்தபின் தோலை மேலும் வறட்டும். கடற்கரைக்குப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் அலசுவது அவசியம். மொட்டை மாடித் தொட்டியின் மத்தியானத் தண்ணீரும் வேண்டாம்; சூடு அரிப்பைக் கூட்டும்.

எப்படிக் குளிப்பாட்டுவது?

ஒவ்வாமையால் தோல் அழற்சி உள்ள நாய்களுக்கு, எரிச்சல் தராத ஷாம்பூவால் வாரம் ஒருமுறை குளியல் உதவும் என்பது சர்வதேசக் கால்நடைத் தோல் மருத்துவ வழிகாட்டுதல். தோலில் படிந்த ஒவ்வாமைப் பொருள்களை அது கழுவிவிடுகிறது.

• முதலில் சீப்பால் வாருங்கள். உண்ணி இருக்கிறதா என்று காது, விரலிடுக்கு, வாலடி பாருங்கள்.

• ஷாம்பூவை அதிகம் அரிக்கும் இடத்தில் முதலில் போடுங்கள். நகத்தால் தேய்க்காமல் முடி போகும் திசையில் தடவுங்கள்.

• மருத்துவர் தந்த குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்து ஷாம்பூ என்றால் 10 நிமிடம் தோலில் இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: போட்டதும் கழுவினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகிறது. போனில் டைமர் வையுங்கள்.

• ஷாம்பூ போட்டதைவிட அதிக நேரம் அலசுங்கள். அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு முக்கியம்.

• துண்டால் ஒற்றி எடுங்கள். சூடான டிரையர் வேண்டாம். ஈரம் தங்கும் மடிப்புகளில் பூஞ்சை வளரும். மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

• கழுத்தில் விடும் உண்ணி மருந்து போட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள உண்ணி மருந்தே வேண்டாம், பூனையைக் கொன்றுவிடும்.

எப்போது டாக்டரிடம்?

சீழ், வாடை, வட்டமாக முடி உதிர்தல், காதில் கசிவு, இரண்டு வாரமாகியும் குறையாத அரிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி அரிப்பைச் சட்டென நிறுத்தும். ஆனால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுயிரிப் பூச்சியால் வந்த நோயாக இருந்தால் அதே ஊசி நிலைமையை மோசமாக்கும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எளிய பரிசோதனை. அதைக் கேட்டுச் செய்துகொள்வது நாய் வளர்ப்பவரின் உரிமை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை அளவு தெரியாமல் போடவே கூடாது. கோலி வகை நாய்களுக்கு அது உயிருக்கே உலை.

கூடங்குளத்திலிருந்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். நாள்பட்ட அரிப்புக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆறு மாதமாக மாற்றி மாற்றி வாங்கும் சோப், பவுடர் செலவைக் கூட்டிப் பார்த்தால் பஸ் செலவு பெரிதாகத் தெரியாது.

‘சொறிநாய்’ என்ற வசவு

தமிழில் இது நாயைக் குறிப்பதைவிட மனிதரைத் திட்டவே அதிகம் பயன்படுகிறது. நோயை இழிவாக்கும் அந்தப் புத்திதான், அரிப்பு வந்த நாயை ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வரவும் துணிகிறது. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஒவ்வாமை பெரும்பாலும் முழுதாகத் தீராது, கட்டுக்குள் வைக்கலாம். நம் வீட்டில் சர்க்கரை நோயையும் ஆஸ்துமாவையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். வாரம் அரை மணி நேரம், சரியான ஷாம்பூ, இரண்டு வாளி நல்ல தண்ணீர்: நாய் கேட்பது இவ்வளவுதான். ராத்திரி அது சொறியாமல் தூங்கினால் வீடும் தூங்கும்.