ஆடிப் பட்டம் இங்கே செல்லாது

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று கேட்டே வளர்ந்தவன் நான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ரயில்வேயில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்று, தாணேயில் வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் வருஷம், அந்தப் பழமொழியை நம்பி ஆடி மாதத்தில் எங்கள் கட்டிடத்தின் மொட்டை மாடியில் வெண்டையும் கொத்தமல்லியும் வெந்தயமும் விதைத்தேன். நாலே நாள் மழையில் விதையும் போயிற்று, பாதி மண்ணும் போயிற்று. மண் எங்கே போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாயை அது அடைத்துக்கொண்டு, தேங்கிய நீர் மேல்மாடிக் குடித்தனக்காரர் வீட்டுக் கூரையில் கசிந்தது. பருவமழைக்கு முன் வடிகாலைத் தூர் வாருவது ரயில்வேயில் நாங்கள் வருஷா வருஷம் தவறாமல் செய்யும் வேலை. சொந்த மாடியில் மறந்துவிட்டேன்!

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், மாடியில் இனி ஒரு தொட்டியும் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். என்னைக் கண்டித்தது நியாயம். தடை போட்டது நியாயமா என்பதுதான் என் கேள்வி. செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர் வசிக்கும் பல சொசைட்டிகளில் இதே வழக்குதான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. நம் ஊரில் ஆடியில் விதைத்தால், செடி வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். கொங்கணத்தில் கணக்கே வேறு. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பருக்குள் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆடி அதன் உச்சம். நம் ஊர் அடைமழைக்குப் பேர்போன ஐப்பசியிலோ இங்கே வானம் வெளுத்து வெயில் காய்கிறது. ஊர் மாறினால் டைம்டேபிளும் மாறும் என்பது ரயில்வேக்காரனுக்கே தெரியவில்லை பாருங்கள்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் தரைத்தளத்து மராட்டிய ஆஜி. சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் புகும் ஜூன் 7, 8 தேதிகளை ஒட்டி விதைப்பது இந்த மண்ணின் வழக்கம். அதாவது நம் வைகாசிக் கடைசி. அப்போது போட்ட பீர்க்கு, புடல், பாகல், வெண்டை எல்லாம் பெருமழைக்கு முன் வேரூன்றிவிடும். மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் அப்போதே நடலாம். மழை ஓய்ந்த ஐப்பசியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகள்; கூடவே கொத்தமல்லி, வெந்தயம், பாலக், முள்ளங்கி. மாசி வரை கறிகாய்க்குப் பஞ்சமில்லை. பங்குனி முதல் தண்டுக்கீரையும் கொத்தவரையும் தாக்குப்பிடிக்கும். மண் காயாமல் மேலே காய்ந்த இலையைப் பரப்ப வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி, லிட்டருக்கு 5 மில்லி வீதம் மாலையில் தெளிக்கிறேன். வேறு மருந்து தொட்டதில்லை.

இனி கமிட்டியின் பயம். மும்ப்ரா அருகே 2013 ஏப்ரலில் ஒரு கட்டிடம் சரிந்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டது தாணேக்காரர்களுக்கு மறக்காது. அது சட்டவிரோதமாக எழுந்த கட்டிடம். செடி வளர்த்து விழுந்ததல்ல. ஆனாலும் பாரத்தைப் பற்றிய பயம் வீண் பயமல்ல. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டை மாடிக்கு, இந்தியத் தர நிர்ணயப்படி கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓர் அடி உயரம் ஈரமண் பரப்பினால் அதே இடத்தில் 500 கிலோவுக்குக் குறையாது. நான் செம்மண் நிரப்பிய டிரம்களை நடுமாடியில் வரிசையாக வைத்திருந்தேன். வேலையில் இருந்தபோது கீழே இருப்பவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

இதற்குப் பரிகாரம் தடை அல்ல, மண்ணைக் குறைப்பது. காய்ந்த இலை, தென்னை நார்த்தூள், மக்கிய உரம் இவற்றோடு ஒரு கைப்பிடி மண் சேர்த்தால் போதும். எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பாந்த்ராவில் டாக்டர் தோஷி என்பவர் இவ்வாறு மண்ணைக் குறைத்து மாடியில் பயிர் செய்து, பலருக்கும் கற்றுக் கொடுத்தார். அவர் வழியைப் பின்பற்றி, மும்பை துறைமுக டிரஸ்டின் மத்திய சமையற்கூடத்து மாடியில் 2002-இல் பிரீத்தி பாட்டீல் என்ற அதிகாரி தோட்டம் தொடங்கினார். அங்கே உரமானது அந்தச் சமையற்கூடத்தின் கழிவேதான்.

நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தம் இடத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. உரமாக்கினால் அதைப் போட ஓர் இடம் வேண்டாமா? மாடியை மூடிவிட்டு, காய்கறித் தோலை லாரியில் ஏற்றி அனுப்பி, நாலா நீர் பாய்ச்சி வளர்த்த கீரையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தண்டவாள ஓரத்தில் அப்படிக் கீரை வளர்வதை எத்தனையோ வருஷம் பார்த்தவன் நான். அந்தக் கீரையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கடைந்து போட மனம் ஒப்பவில்லை.

உரம் தயாரிப்பதும் எளிது. துளையிட்ட டிரம்மில் ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. கொஞ்சம் புளித்த மோர். வாரம் ஒருமுறை கிளறல். இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் ரெடி. மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைக்காது என்பதால், மாசி, பங்குனியில் தெருவோர மரங்கள் உதிர்க்கும்போதே மூட்டை கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே கமிட்டிகளுக்கு என் விண்ணப்பம்: தடை வேண்டாம், நிபந்தனை போடுங்கள். கட்டிட இஞ்சினீயர் ஒருவரின் சம்மதம் முதலில். தொட்டிகள் உத்தரம் ஓடும் ஓரங்களில் மட்டும், தரையில் படாமல் கட்டை மேல். குழாய் வாயில் வலை. ஜூனுக்கு முன் வடிகால் சுத்தம். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும். ஆகவே வாரம் ஒருமுறை சோதனை. மீறினால் அபராதம், முதல் அபராதத்தை நானே கட்டவும் தயார்.

பொதுக்குழுவுக்கு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசகர்களும் தத்தம் சொசைட்டியில் கேட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அனுமதியை ஆடிக்குத் தள்ளிப் போடாதீர்கள். வைகாசிக்குள் கிடைத்தால் இந்த வருஷமே பந்தலில் பீர்க்கு ஏறும்.